கற்றவன் யாருக்குக் கடன்பட்டவன்?

கடன் இருவகைப்படும். எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுப்பது ஒருவகை. இவ்வளவென்று எண்ணவும் இயலாமல், இன்னாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று சுட்டவும் இயலாமல், வாழ்நாள் முழுவதும் தோளில் கிடப்பது மற்றொரு வகை. முன்னதற்குச் சீட்டு உண்டு; சாட்சி உண்டு; தவணை உண்டு. பின்னதற்கு மனச்சான்றைத் தவிர வேறு சாட்சி இல்லை. கல்வியால் வரும் கடன் இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தது? கற்றவன் யாருக்குக் கடன்பட்டவன்? கடன்பட்டவன்தானா?

கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு இரு பக்கத்திலிருந்தும் எழும் மறுப்புகள் எளியவையல்ல. பணம் கட்டிப் படித்தவன் சொல்கிறான்: “என் தந்தை நிலத்தை விற்றார், தாய் நகையைக் கழற்றிக் கொடுத்தார். கேட்ட தொகையைக் கேட்ட நாளில் செலுத்தினோம். பெற்றோருக்கு நான் கடன்பட்டவன். ஊருக்கும் உலகுக்கும் எனக்கும் என்ன கணக்கு?” பணம் கட்டாமல் படித்தவன் சொல்கிறான்: “ஆயிரவர் போட்டியிட்டனர், என் திறமையால் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வென்று பெற்ற பரிசுக்குக் கடன் ஏது?” இருவர் கூற்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆகவே இதனை வெறும் உபதேசத்தால் தீர்த்துவிட முடியாது. ஓர் உண்மையான இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இக்கேள்வி எவ்வாறு வாழப்படுகிறது என்று பார்ப்பதே நேரிய வழி.

பாலைக்கு நடுவே ஒரு கல்லூரி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிஃபோர்னியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லைக்கு அண்மையில், இன்யோ மாவட்டத்தில், டீப் ஸ்பிரிங்ஸ் என்னும் பள்ளத்தாக்கு உளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், நாற்புறமும் மலை சூழ, மழை அரிதாகப் பெய்யும் பாலை நிலம் அது. மேற்கே உள்ள சிற்றூராகிய பிக் பைனுக்குச் செல்வதற்கே ஒரு மலைக் கணவாயைக் கடந்தாக வேண்டும். இப்பள்ளத்தாக்கில் 1917ஆம் ஆண்டு லூசியன் லூசியஸ் நன் என்பவர் ஒரு கல்லூரியை நிறுவினார். ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் அது நடைபெற்று வருகிறது. அங்கே பயிலும் மாணவர் தொகை இருபத்து நான்குக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டது. ஆயிரத்து முந்நூறு அன்று, வெறும் முப்பதுதான். படிப்புக் காலம் இரண்டாண்டு. கல்விக் கட்டணம் இல்லை. உணவுக்கும் உறைவிடத்துக்கும் கட்டணம் இல்லை.

நிறுவியவர் துறவியோ பேராசிரியரோ அல்லர். சட்டம் பயின்றவர், தொழில் முனைவர். கொலராடோ மாநிலத்து டெலுரைடு என்னும் ஊரில் தங்கச் சுரங்கங்கள் எரிபொருள் பற்றாக்குறையால் தவித்தபோது, 1891ஆம் ஆண்டு ஏம்ஸ் என்னுமிடத்தில் ஓடும் நீரைக்கொண்டு மாறுதிசை மின்சாரம் உண்டாக்கி, அதனைக் கம்பி வழியே தொலைவிலிருந்த சுரங்கத்துக்குக் கொண்டுசென்றவர். அக்காலத்தில் அது துணிகரமான சோதனை. மின்நிலையங்களை நடத்த இளைஞர்கள் தேவைப்பட்டனர். அவர்களுக்கு வேலையோடு கல்வியும் கொடுத்துப் பழகியதிலிருந்துதான் அவருடைய கல்விக் கொள்கை பிறந்தது. பொன்னைத் தோண்டுவோருக்கு ஆற்றல் விற்றுச் செல்வம் சேர்த்த அம்மனிதர், தாம் எழுதிவைத்த அறக்கட்டளைப் பத்திரத்தில், மாந்தரைப் பொருளாசையிலிருந்து உயர்த்தும் தன்னலமற்ற தொண்டுக்கும், படைத்தவனோடு இயைந்த வாழ்வுக்கும் இளைஞரை ஆயத்தம் செய்வதே நோக்கம் என்று குறித்தார். 1925இல் அவர் மறைந்தார்.

அங்கே கற்பிக்கப்படுவன யாவை? குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு ஆளைத் தயாரிக்கும் கல்வி அன்று. மேலை நாட்டார் ‘விடுதலை பெற்ற மனிதனுக்குரிய கலைகள்’ என்னும் பொருள்பட வழங்கிவரும் பழைய கல்வி மரபு அது. தத்துவம், இலக்கியம், வரலாறு, கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவை அதில் அடங்கும். இம்மரபின் பழைய அடித்தளம் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்றுமாகும். மதரஸாவின் வாசலை மிதித்தவர்களுக்கு இம்மூன்றும் அயலானவையல்ல. நஹ்வு, மன்திக், பலாகா என்று நாம் ஓதிய பாடங்களே அவை. ஒரு நூலை வரிவரியாகப் படிப்பது, சொல்லின் பொருளை நிறுத்து ஆராய்வது, மறுப்பை முன்வைப்பது, மறுப்புக்கு மறுப்புத் தேடுவது ஆகிய பயிற்சிகள் எம்மொழியில் நடந்தாலும் ஒன்றே.

பால் கறப்பதும் பாடம்தான்

டீப் ஸ்பிரிங்ஸ் மாணவன் படிப்பதோடு நில்லான். வாரத்துக்குக் குறைந்தது இருபது மணி நேரம் அவன் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். கல்லூரியைச் சார்ந்து ஒரு மாட்டுப் பண்ணையும் குதிரைமசால் விளையும் வயல்களும் இருக்கின்றன. ஒருவன் பால் கறக்கிறான், ஒருவன் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறான், ஒருவன் காய்கறித் தோட்டம் பார்க்கிறான், ஒருவன் சமைக்கிறான், ஒருவன் பாத்திரம் கழுவுகிறான், வேறொருவன் மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்கிறான். யாருக்கு எந்த வேலை என்பதைப் பங்கிட்டுக் கொடுப்பவனும் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவனே.

“பிளேட்டோவைப் படிப்பவன் எதற்காகப் பால் கறக்க வேண்டும்?” என்று கேட்கலாம். உடல் உறுதிக்காக என்றால் விளையாட்டு போதும். செலவைக் குறைக்க என்றால், பயிற்சி பெற்ற கூலியாள் இன்னும் குறைந்த நேரத்தில் அவ்வேலையைச் செய்வான். கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியில் 1892ஆம் ஆண்டிலிருந்து கல்விக் கட்டணம் கிடையாது; மாணவர் அனைவரும் அங்கே வேலையும் செய்கின்றனர். ஆனால் அங்கே உழைப்பு, வசதியற்ற மாணவன் தன் படிப்பைத் தானே தாங்கிக்கொள்வதற்கு உதவும் ஊன்றுகோலாகவும் இருக்கிறது. டீப் ஸ்பிரிங்ஸில் உழைப்பின் முதல் பயன் அதுவன்று.

பின் எது? இவ்வாறு எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவன் தேர்வுக்குப் படிக்காமல் தூங்கிவிட்டால் தோற்பவன் அவன் ஒருவனே. அத்தோல்வி அவன் மதிப்பெண் பட்டியலில் மட்டும் தெரியும். அவனே விடியற்காலையில் பால் கறக்க எழாமல் தூங்கிவிட்டால், வாயில்லாப் பசு மடிகனத்து வருந்துகிறது. மற்ற இருபத்தைந்து பேருடைய குவளைகளில் பால் இல்லை. அவன் சோம்பல் பிறருடைய தட்டில் தெரிகிறது. ஏட்டுக் கல்வியில் நாம் நெடுங்காலம் மறைத்துவைக்கும் ஓர் உண்மையைப் பசுவின் மடி ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நான் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் பின்னால் என்னை முந்தி எழுந்த ஒருவர் இருக்கிறார் என்பதே அவ்வுண்மை. கடனின் முதல் அறிவு இதுவே. கடன்பட்டிருக்கிறேன் என்பதை அறியாதவன் எக்காலத்தும் தீர்க்கப் போவதில்லை.

இங்கே வலிமையானதொரு மறுப்பு எழுகிறது. அதனை மறைத்துவிட்டு மேலே செல்வது முறையன்று. இரண்டாண்டு மாடு மேய்த்துவிட்டு, பின்னர் நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குச் சென்றுவிடும் இளைஞனுடைய உழைப்பும், மாடு மேய்ப்பதைத் தவிர வேறு கதியில்லாத குடியானவன் மகனுடைய உழைப்பும் ஒன்றாகுமா? ஒன்றாகாது. விட்டுச் செல்லக் கூடியவனின் வியர்வை வேறு. விட்டுச் செல்ல முடியாதவனின் வியர்வை வேறு. முன்னவன் தன்னை உழைப்பாளி என்று எண்ணிக்கொண்டால் அது தற்பெருமையாகவே முடியும். ஆனால் அவ்வுழைப்பு அவனை உழைப்பாளி ஆக்குவதற்காக அன்று; உழைப்பைக் கண்ணால் காணக் கூடியவனாக ஆக்குவதற்காக என்று கொண்டால் மறுப்பின் கூர்மை குறைகிறது. நாளைக்கு அவன் அதிகாரியாகவோ மருத்துவனாகவோ அமரும்போது, தன் முன்னே நிற்பவனுடைய கை ஏன் காய்த்திருக்கிறது என்பதை அறிந்தவனாக இருப்பான். குறைந்த பயன்தான், ஆயினும் அதுவும் இல்லாத படிப்பாளிகளால் உலகம் படும் பாட்டை நாம் அறிவோம்.

நண்பன் நண்பனை எடைபோடும் நாள்

உழைப்பினும் கடினமான பாடம் ஒன்று அங்கே உண்டு. அக்கல்லூரியில் மாணவர்களே தம்மை ஆண்டுகொள்கின்றனர். புதிய மாணவர் யார் என்று தேர்ந்தெடுக்கும் குழுவில் மாணவர் உளர். எந்தப் பாடங்கள் நடைபெற வேண்டும், எந்த ஆசிரியரை அழைக்க வேண்டும் என்பவற்றிலும் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. கல்லூரியின் பொறுப்பாளர் அவையிலும் மாணவர் சார்பாளர் வாக்குரிமையுடன் அமர்கின்றனர். மதுவும் போதைப் பொருளும் கூடாது. பாடகாலத்தில் தக்க காரணமின்றிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறக் கூடாது. இவ்விதிகளைக் காவலர் எவரும் நின்று காப்பதில்லை. மாணவர் மன்றமே தன்மேல் தானே சுமத்திக்கொண்டு தானே காக்கிறது. அவையில் எழுந்து பேசும் பயிற்சி ஒவ்வொருவருக்கும் கட்டாயப் பாடம்.

இவை யாவற்றினும் கனமானது ஒன்று உளது. முதலாண்டு நிறைவில், ஒரு மாணவனை இரண்டாம் ஆண்டுக்குத் திரும்ப அழைக்கலாமா, வேண்டாமா என்பதையும் மாணவர் குழுவே ஆராய்கிறது. முப்பது பேருக்கும் குறைந்த ஊர்; ஒரே சமையலறை; ஒரே வயல். நேற்று தன்னுடன் வைக்கோல் ஏற்றியவனைப் பற்றி, இன்று நடுவுநிலையோடு கருத்துச் சொல்ல வேண்டும். நட்புக்காகப் பொய் சொன்னால் கல்லூரிக்குத் துரோகம். பகைக்காகப் பொய் சொன்னால் மனிதனுக்குத் துரோகம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இத்தகைய பாரத்தைச் சுமத்துவது நியாயமா?

நியாயமில்லை என்பார் சொல்வதில் பொருள் உண்டு. இளைஞரின் தீர்ப்பு அவசரமானது. கூட்டத்தின் போக்குக்கு இசைந்தது. சில வேளை கொடியதும் ஆகலாம். எனினும் மறுபக்கத்தையும் நோக்குக. எந்தப் பொறுப்பும் கொடுக்காமல் இருபத்திரண்டு வயதுவரை ஒருவனை வளர்த்துவிட்டு, அதன்பின் திடீரென்று அலுவலகத்தையும் குடும்பத்தையும் பொதுச்சொத்தையும் அவனிடம் ஒப்படைக்கிறோமே, அது எவ்வகையில் நியாயம்? அமானிதத்தைக் காக்கும் தகுதி, அமானிதத்தைக் கையில் ஏந்தாமல் வருவதில்லை. நீந்தும் கலையைக் கரையில் நின்று கற்றவர் எவருமிலர். இடம் சிறியதாக இருப்பதன் சிறப்பும் இங்கேதான் விளங்குகிறது. இருபத்தைந்து பேர் உள்ள ஊரில் பிழை செய்தவனுக்கு ஒளிந்துகொள்ளக் கூட்டம் இல்லை; திருத்திக்கொள்ள முகம் தெரிந்த மனிதர் உண்டு.

கொடுத்தவர் விதித்த நிபந்தனை

இனி, நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். இலவசமாகக் கொடுத்தவருக்குக் கற்றவன் கடன்பட்டவன் என்று வைத்துக்கொண்டால், கொடுத்தவர் மறைந்த பின் அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? அவர் சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பதாலா, அவர் நாடிய நோக்கத்தைக் காப்பதாலா?

டீப் ஸ்பிரிங்ஸில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. நன் எழுதிய பத்திரம், நம்பிக்கையூட்டும் ‘இளம் ஆண்களுக்கு’ கல்வி கொடுப்பது பற்றியே பேசியது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக் காலம் ஆண்களே அங்குப் பயின்றனர். 2011ஆம் ஆண்டு பொறுப்பாளர் அவை, பெண்களையும் சேர்ப்பதென்று தீர்மானித்தது. அவையிலேயே மாற்றுக் கருத்துடையோர் இருந்தனர். பத்திரத்தை மாற்ற எவருக்கும் உரிமை இல்லையென்று வழக்குத் தொடரப்பட்டது. ஆண்டுகள் பல கடந்து, 2017இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் பெண்களைச் சேர்ப்பதற்கு இசைவளித்தது. 2018ஆம் ஆண்டு முதல் மாணவியர் அப்பள்ளத்தாக்கில் காலடி வைத்தனர்.

வக்ஃபுச் சொத்துகளின் நடைமுறையை அறிந்த நம்மவருக்கு இவ்வழக்கு புதுமையன்று. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை, சட்டம் வகுத்தவனின் வாசகத்தைப் போன்றது என்பது நம் ஃபிக்ஹு அறிஞரிடையே வழங்கும் விதி. அதனை அப்படியே செயலுக்கும் உரிய கட்டளையாகக் கொண்டோரும் உளர்; ‘பொருள்கொள்ளும் முறையில்தான் அவ்வொப்புமை’ என்று விளக்கியோரும் உளர். இரு தரப்பாரும் கவலைப்படுவது உண்மையான ஆபத்துக்கே. நிபந்தனையை மதிக்காவிட்டால், நாளை எவரும் நம்பித் தம் சொத்தை அறத்துக்கு எழுதிவைக்க மாட்டார். இறந்தவர் எழுந்து வந்து வழக்காட முடியாது என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகக் கூடாது. மறுபுறம், எழுத்தை மட்டும் காத்து நோக்கத்தைச் சாகவிட்டால், கொடையாளியின் கை கல்லறையிலிருந்து நீண்டு தன் கொடையின் கழுத்தையே நெரித்ததாகும்.

என் கருத்தில், இங்கே உரைகல் ஒன்று உண்டு. மாற்றத்தால் பயனடைவோர் யார் என்று கேட்க வேண்டும். அறத்தைக் காக்கப் பொறுப்பேற்றவன் தன் பைக்காக நிபந்தனையைத் தளர்த்தினால் அது கையாடல். அறத்தின் வாசலில் நிற்கும் புதியவருக்காகத் தளர்த்தினால், அது குறைந்தது ஆராயத்தக்க வாதம். தொண்டுக்கு ஆளைத் தயாரிப்பதே நோக்கமென்றால், தொண்டு செய்யத்தக்க மனிதரில் பாதிப்பேரை வாசலிலேயே நிறுத்துவது அந்நோக்கத்துக்கு எந்த அளவு உதவும்? தாயின் மடியே முதல் பாடசாலை என்று மேடைதோறும் பேசும் நாம், இக்கேள்வியை அமெரிக்கருக்கே விட்டுவிட முடியாது.

நிறுவியவருக்கும் முன்னே

கடன்கணக்கு நிறுவியவரோடு முடிவதுமில்லை. அப்பள்ளத்தாக்கும் அதன் சுற்றுப்புறமும், வெள்ளையர் வருமுன்னரே பையூட் என்னும் பழங்குடியினர் வாழ்ந்து வேட்டையாடி விதை சேகரித்த நிலம். 1918இல் மாணவராக அங்கு வந்த ஜூலியன் ஸ்டீவர்ட், பிற்காலத்தில் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞரானார். அண்டையிலிருந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்குப் பையூட் மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1933இல் நூல் வெளியிட்டார். இலவசக் கல்வி பெற்ற மாணவர், அந்த இலவசத்துக்கு அடியில் கிடந்த வேறொரு மக்களின் வரலாற்றைப் பதிவு செய்தார். கொடையைத் தோண்டிப் பார்த்தால் கொடையாளிக்கு முன்னே இன்னொருவர் இழப்பு கிடக்கிறது. நேர்மையான கல்வி அதையும் காணக் கற்றுக் கொடுக்கும்.

மற்றவர்கள் என்ன ஆயினர்? தொடக்ககால மாணவரான ராபர்ட் ஏர்ட் நரம்பியல் மருத்துவரானார். ஜிம் ஒலின் அமெரிக்க மக்களவை உறுப்பினராகப் பத்தாண்டு பணியாற்றினார். வில்லியம் வால்மன் நாவலாசிரியராகி 2005இல் தம் நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசுகளுள் ஒன்றைப் பெற்றார். ஆசிரியராகவும் குடியானவராகவும், பெயர் வெளியே தெரியாமலும் வாழ்ந்தோர் வேறு. இவர்களில் யார் கடனைத் தீர்த்தவர், யார் தீர்க்காதவர் என்று பிரித்துச் சொல்ல எவரிடமும் தராசு இல்லை. கல்லூரியும் அப்படிப் பிரிப்பதில்லை. சில நாடுகளில் பொதுச் செலவில் மருத்துவம் படிப்போரிடம் இத்தனை ஆண்டு சிற்றூரில் பணியாற்றுவேன் என்று முறி எழுதி வாங்குவதுண்டு. அதில் குற்றமில்லை, நோயாளி காத்திருக்க மாட்டான். ஆயினும் முறிப்படி செய்தது முறியோடு முடிந்துவிடும். ஆண்டு நிறைந்ததும் கணக்குத் தீர்ந்தது என்று எழுந்து போகலாம். முறி இல்லாத இடத்தில்தான் கடன் மனிதனோடு கூடவே வளர்கிறது. கேட்டு வாங்கினால் அது கூலியாகிவிடும். கேளாமல் விட்டாலோ ஏமாறும் அபாயமும் உண்டு. அந்த அபாயத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வதுதான் கல்விக் கொடையின் உயர்வு.

முப்பது பேருக்காக இவ்வளவு செலவா, அப்பணத்தில் மூவாயிரம் பேருக்கு எழுத்தறிவிக்கலாமே என்று கேட்பவருக்கும் விடை சொல்ல வேண்டும். கேள்வி நியாயமானது. எழுத்தறிவு முதற்கடமை, அதை விட்டுவிட்டு இதைச் செய்யும் சமுதாயம் வேரை வெட்டிப் பூவுக்கு நீர் ஊற்றுகிறது. ஆனால் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாழ்வது எப்படி என்று காட்டும் சிறிய இடங்களும் வேண்டும். அவற்றின் பயன் எண்ணிக்கையில் இல்லை. இப்படியும் இயலும் என்ற சான்றாக நிற்பதில் இருக்கிறது.

ஆக, தொடக்கத்தில் கண்ட இரு மறுப்புகளுக்கும் விடை தெளிவாகிறது. பணம் கட்டியவன் கட்டிய தொகை, கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் ஆன விலை. ஆசிரியரின் ஆசிரியர் இரவு விழித்துச் சேர்த்த அறிவுக்கு யார் விலை கட்டினார்? அவன் பேசும் மொழியை ஆயிரம் ஆண்டு அழியாமல் காத்தவருக்கு எந்த அலுவலகத்தில் ரசீது பெற்றான்? போட்டியில் வென்றவன் திறமையால் வென்றான். ஆனால் அத்திறமையை அவன் எந்தக் கடையில் வாங்கினான்? ஒருவன் கட்டணம் செலுத்தினாலும் செலுத்தாவிட்டாலும் கல்வி அடிப்படையில் கொடையே. கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க இயலாத கொடை அது. பின்னே வருபவருக்குக் கொடுத்தே தீர்க்க வேண்டிய கொடை.

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பது நம் வீடுகளின் வழக்கம். கேட்கட்டும், தவறில்லை. அதனோடு இன்னும் ஒன்று கேட்போம்: “நீ படித்ததில் இன்று யாருக்கு என்ன கொடுத்தாய்?” தங்கைக்கு ஒரு கணக்கு விளக்கினேன், எழுதத் தெரியாத பாட்டிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அடுத்த வீட்டாரின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னேன் என்று பிள்ளை பதில் சொல்லுமானால், அந்த வீட்டிலும் ஒரு சிறு கல்லூரி நடைபெறுகிறது என்றே கொள்ளலாம்.